சர்வேயர் எழுதிக்கொடுத்த சம்மதப் பத்திரம்

பாளையங்கோட்டைப் பத்திர எழுத்தர் ஆவுடையப்பன் எழுதிய முதல் பூனைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பெரிய குறை ஒன்றுமில்லை. நான்கு மால் சரியில்லை என்றார், அவ்வளவுதான்.

எந்தப் பத்திரமானாலும் கடைசியில் சொத்து விவரம் எழுதி, அதற்கு நாலு பக்கமும் எல்லை காட்டியாக வேண்டும். நாற்பது வருஷமாக வயலுக்கும் வீட்டுக்கும் அப்படி எழுதிப் பழகிய கை. பூனை தன் கருத்தடைக்குச் சம்மதம் கொடுக்கிற பத்திரத்திலும் அதே பிரகாரம் எழுதியிருந்தார்: ‘வடக்கே வால், தெற்கே வயிறு, கிழக்கே இடது பின்னங்கால், மேற்கே வலது பின்னங்கால், இந்த நான்கு மாலுக்கு உட்பட்ட அயிட்டம் இரண்டு.’ சார்பதிவாளர் ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தார்: ‘பூனை திரும்பி உட்கார்ந்தால் எல்லை என்னாவது?’

நியாயமான கேள்வி. ஆவுடையப்பன் ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ‘மேற்படி பூனை தெற்கு முகமாக நிற்கையில்’ என்று சேர்த்தார். பத்திரம் பதிவாகிவிட்டது. அன்றிலிருந்து இந்த ஜில்லாவில் பூனைகள் தெற்கே பார்த்து நின்றுதான் சம்மதம் கொடுத்துவருகின்றன.

பூனைக்கு எதற்குப் பத்திரம் என்று கேட்பவர்கள் பேச்சுப்பட்டை வருவதற்கு முந்திய காலத்து ஆட்களாக இருக்க வேண்டும். கழுத்தில் மாட்டினால் பூனை நினைப்பதைத் தமிழில் சொல்லும் பட்டை. அதைக் கண்டுபிடித்த அன்று ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு விஞ்ஞானிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்களாம். மனிதனிடம் பூனை பேசிய முதல் வாக்கியம், “கதவைத் திறங்கள்.” ஓடிப் போய்த் திறந்தார்கள். அது வெளியே போகவில்லை.

பேசத் தெரிந்த ஜீவனிடம் கேட்காமல் கத்தி வைக்கக்கூடாது என்று பிறகு சட்டம் வந்தது. சம்மதம் எழுத்தில் வேண்டும். எழுத்து பதிவாக வேண்டும். பூனை பாதத்தை மையில் தோய்த்துக் கைநாட்டு வைக்க வேண்டும். கணினி எழுதிய பத்திரத்தைப் பூனைகள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. கையால் எழுதிய காகிதம் என்றால் மட்டும் அதன்மேல் ஏறி உட்கார்ந்து கேட்டன. ஓய்வு பெறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பனுக்கு இப்படியாக அறுபத்தாறாவது வயதில் தொழில் மறுபடி தளிர்த்தது.

ஏழு வருஷத்தில் நானூற்றுப் பதினோரு பூனைகள். ஒன்றுகூட மறுத்ததில்லை. அவரிடம் வித்தை எதுவும் கிடையாது. பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஏற்ற இறக்கம் இல்லாமல், நிறுத்தி நிதானமாக வாசிப்பார். கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லுவார். நாலாவது பாரா வருவதற்குள் எந்தப் பூனையும் பாதத்தை நீட்டிவிடும். மனிதர்களும் அப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று மட்டும் உண்டு: அவர் ஆயுளில் ஒரு பொய்ப் பத்திரம் எழுதியதில்லை. பதிவு அலுவலக வாசலில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை.

அவர் வீட்டுப் பூனையின் பெயர் சர்வேயர். சாம்பல் வரி, நுனி கொக்கிபோல் வளைந்த வால். குட்டியாக வந்த அன்றே வீட்டை மூலைக்கு மூலை நடந்து அளந்ததால் வைத்த பேர். பேருக்கேற்ற உத்தியோகத்தை வளர்ந்தபின் அது முழுமூச்சாக எடுத்துக்கொண்டது. வேணுவன நகர் நாலாவது தெருவில் அது எல்லைக்கல் நடாத வாசல் பாக்கியில்லை. கல் என்றால் கல் இல்லை. பின்பக்கமாகத் திரும்பி, வாலைத் தூக்கி, ஒரு பீய்ச்சல். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாப்பிள்ளைக்கென்று எடுத்துவைத்திருந்த பட்டு வேட்டியும் ஒருநாள் சர்வேயரின் எல்லைக்குள் வந்துவிட்டது.

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு வயது தாண்டிய, கருத்தடை ஆகாத கடுவன் பூனை தெருவில் குடியிருக்கச் சட்டத்தில் இடமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதப் பத்திரம் பதிவாக வேண்டும். இல்லையென்றால் ஜீப் வரும், மலையடிவாரத்திலுள்ள பூனைவனத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும்.

“நமக்கென்ன, இன்னைக்கே வாசிச்சிருதேன்,” என்றார் ஆவுடையப்பன் மனைவியிடம்.

மனைவி சங்கரவடிவு முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவள். அதில் இனப்பெருக்கப் பாடத்தை மட்டும் முப்பது வருஷமும் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டவள். சைவச் சாப்பாட்டு வீடு. ஆனாலும் பின்கட்டில் தனிச் சட்டி வைத்து, இடுக்கியால் பிடித்து, சர்வேயருக்கு நெத்திலிக் கருவாடு போடுகிறவள் அவள்தான். அதனால் சர்வேயர் அவளை மட்டும் ‘நீங்க’ என்று பேசும். ஆவுடையப்பனையும் பட்டை முதலில் ‘நீங்கள்’ என்றுதான் சொன்னது. கம்பெனியில் அப்படித்தான் வைத்து அனுப்புவார்கள். ஒரே வாரத்தில் பூனை அதை ‘நீரு’ ஆக்கிக்கொண்டது.

“அது சரின்னு சொல்லணுமே,” என்றாள் சங்கரவடிவு.

“நானூத்திப் பதினொண்ணு சொல்லியிருக்கு.”

“அதெல்லாம் உங்க மேசையில வளந்த பூனை இல்ல.”

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. அவர் எழுதும்போது சர்வேயர் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். ‘பட்டா எண் விட்டுப்போச்சு’, ‘அந்த ஆளு மைனரு, எப்படி விப்பான்?’ என்று தப்பு சொல்லும். அது இல்லாமல் அவருக்கு ஒரு வரி ஓடாது. வேறொரு பழக்கமும் இருந்தது. சர்வேயர் பீரோ உச்சிக்கு ஒரே தாவில் ஏறிவிடும், இறங்கத் தெரியாது. உதவி கேட்கவும் செய்யாது. ‘நான் மேலே வேலையா இருக்கேன்’ என்று சொல்லும். ஆவுடையப்பன் பீரோவை ஒட்டி ஸ்டூலைப் போட்டுவிட்டு, எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். தொப். தொப். இரண்டு சத்தம் கேட்டபின்தான் திரும்புவார். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சர்வேயரைத் தெற்கு முகமாக உட்காரவைத்து வாசிக்க ஆரம்பித்தார்.

“‘வேணுவன நகர் நாலாவது தெரு, கதவிலக்கம் பதினேழில் வசிக்கும் சாம்பல் வரிப் பூனை சர்வேயராகிய நான், சுயபுத்தியுடனும் முழுமனதுடனும், பிறர் நிர்ப்பந்தம் ஏதுமின்றி எழுதிக்கொடுத்த கருத்தடைச் சம்மதப் பத்திரம் என்னவென்றால், எனக்குச் சுயசம்பாத்தியமாய்ப் பாத்தியப்பட்டு, நாளது வரையில் நான் ஆண்டனுபவித்து வருகிற…’”

“நிறுத்தும்வே,” என்றது சர்வேயர்.

ஆவுடையப்பன் கண்ணாடியை இறக்கினார்.

“சுயசம்பாத்தியம்னு எழுதியிருக்கீரு. அது நான் சம்பாதிச்சதா? எங்க அப்பன்கிட்டேருந்து வந்தது. அவனுக்கு அவன் அப்பன்கிட்டேருந்து. பூர்வீகச் சொத்துல்லா?”

“அது… ஒரு வழக்கத்துக்கு எழுதுறது.”

“பூர்வீகச் சொத்தை வாரிசு சம்மதம் இல்லாம ஒருத்தன் தனியா எழுதிக்கொடுத்தா செல்லுமா, செல்லாதா? போன மாசம் மூன்றடைப்பு ஊருலேருந்து வந்த ஆளை இதைச் சொல்லித்தான திருப்பி அனுப்பினீரு.”

“ஏலே, வெள்ளிக்கிழமை ஜீப் வந்துரும்.”

“ஜீப் வரும்ங்கறதுக்காகச் செல்லாத பத்திரத்துல நான் கைநாட்டு வைக்க முடியாது. வாரிசுகளக் கூப்பிட்டுக் கேளும்,” என்று சொல்லிவிட்டுச் சர்வேயர் பீரோமேல் ஏறிக்கொண்டது.

அடுக்களையிலிருந்து சங்கரவடிவு கேட்டாள். “அது சொல்றது சரியா?”

“சரிதான். அதான் கஷ்டம்.”

மறுநாள் காலையில் ஒரு கிரயப் பத்திரம் எழுதினார். விற்கிறவர் பேர் வரவேண்டிய இடத்தில் வாங்குகிறவர் பேரை எழுதினார். இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. காகிதக் கட்டின்மேல் இருந்த சர்வேயர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை. பதிவு அலுவலகத்தில் போய்த்தான் தப்பு தெரிந்தது. அங்கிருந்து நேரே கால்நடை டாக்டர் ஜெபசெல்வியைப் பார்க்கப் போனார்.

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நான் ஒண்ணு சொல்லவா? தினம் ரெண்டு பேரு வந்து, பத்திரம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், நீங்க கண்ணை மூடிட்டுச் செஞ்சிருங்கன்னு காதைக் கடிக்காங்க. கடுவனுக்குப் பத்து நிமிஷ வேலை. தையல்கூடக் கிடையாது. நான் செய்யமாட்டேன்னு விரட்டிருவேன். ஆனா நீங்க கேட்டா…”

“நான் கேக்கமாட்டேன்.”

“கேக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.”

“முழுமனதுடன்னு என் கையால எழுதியிருக்கேன் டாக்டரம்மா. சரி, இந்தப் பட்டை தப்பாக் கிப்பாச் சொல்லுமோ? அது உண்மையிலயே சட்டந்தான் பேசுதா?”

“தொண்டை நரம்பு, மீசை, வாலு, மூணையும் பாத்து அது என்ன நினைக்குன்னு பட்டை தமிழ்ல போடுது. அவ்வளவுதான். பூனை சட்டம் நினைச்சா சட்டம் பேசும். பொய் நினைச்சாப் பொய்யை அப்படியே பேசும். உண்மையா பொய்யான்னு பாக்க அதுல வசதி இல்ல.”

“பூனைவனம் எப்படி?”

ஜெபசெல்வி கையுறையைக் கழற்றினாள். “சோறு போடுவாங்க. நிழல் இருக்கு. மடி கிடையாது. கடுவன்களாக் கிடக்கும், பகல்பூரா சண்டை. போன மாசம் அங்கேருந்து ஒண்ணு வந்துச்சு, முகத்துல பதினோரு தையல் போட்டேன். உங்காளு பத்திரத்துல கமா விட்டுப்போச்சுன்னு அங்க யார்கிட்டப் போய்ச் சொல்லும்?”

அப்போது கதவை முட்டித் தள்ளிக்கொண்டு கருப்பட்டி வந்தது. பதிவு அலுவலக வாசல் டீக்கடைப் பூனை, கருப்பட்டி நிறம், நகராட்சி போட்டுவிட்ட பழைய பட்டை. யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை, தானே நடந்து வந்திருந்தது.

“பத்திரக்காரரும் இங்கதான் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு,” என்றது. “எனக்கும் ஒண்ணு எழுதுங்க. எங்க கை வைக்கணும்?”

“வாசிச்சுக் காட்டணும்மா. ரெண்டு பக்கம்…”

“வாசிக்க வேண்டாம். ஏழு ஈத்து ஈன்னாச்சு. மொத்தம் எத்தனைன்னு எனக்கு எண்ணத் தெரியாது. ரோட்டுல போனது பாதி, மழையில போனது பாதி. ஒவ்வொரு தடவையும் பால் கட்டி வலிக்கும், அது தெரியும். அந்தக் கடுவன்க ஒருத்தனாவது என் சம்மதத்தைப் பத்திரத்துல எழுதி வாங்கினானா?”

ஆவுடையப்பன் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, இரண்டு பக்கத்தை ஆறு வரியில் எழுதினார். அவர் தொழிலில் அதுவே மிகச் சிறிய பத்திரம். கருப்பட்டி கைநாட்டு வைத்துவிட்டு, மை போக நக்கிக்கொண்டே, “உங்க முகம் ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்டது.

சொன்னார்.

“சர்வேயருக்கு வாரிசுதானே வேணும்?” என்றது கருப்பட்டி. “நாளைக்குக் காலையில வீட்டுல இருங்க. கூட்டிட்டு வாரேன்.”

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு வேணுவன நகர் நாலாவது தெரு ஒரு ஊர்வலத்தைப் பார்த்தது. முன்னால் கருப்பட்டி. பின்னால் வரிசையாக, மூன்று மாதக் குட்டியிலிருந்து வளர்ந்த குமரிவரை, முப்பத்தேழு பூனைகள். முப்பத்தேழுக்கும் கோணவால், கழுத்தில் நகராட்சிப் பட்டை. சங்கச் செயலாளர் வேட்டியை உள்ளே எடுத்துவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“எல்லாம் அவன் பிள்ளைங்கதான். வாலைப் பாத்துக்கோங்க,” என்றது கருப்பட்டி.

ஆவுடையப்பன் வால்களைப் பார்த்தார். நுனிக் கொக்கி, சந்தேகமில்லை. வாரிசு விவரத்தில் முப்பத்தேழு பேரையும் அங்க அடையாளத்தோடு எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சர்வேயர் மேசைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து உள்ளே விட்டது. முகத்தில் பெருமிதம் தெரிந்தது. தெரியத்தானே செய்யும், முப்பத்தேழு.

“இந்தாங்க, உங்க அப்பா ஒரு காரியம் செய்யப் போறாரு. அதுல உங்களுக்கு ஆட்சேபனை உண்டுமா?” என்று ஆவுடையப்பன் வாசிக்கத் தொடங்கினார்.

மூன்றாவது பாராவில் ஒரு மஞ்சள் குட்டி குறுக்கிட்டது. “வாரிசுன்னா பங்கு உண்டுல்லா?”

இங்கேதான் பழக்கதோஷம் ஆவுடையப்பனைக் கவிழ்த்தது. வேறு யாராவது இருந்தால், ‘சும்மா இரு’ என்று சொல்லியிருப்பார்கள். அவர் பத்திர எழுத்தர். கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லியே தீர வேண்டும்.

“உண்டு,” என்றார்.

“அப்போ எங்க அப்பாவுக்கு என்னென்ன இருக்கு?”

அவரே எழுதிக்கொண்டு போனார்: கிழக்குப் பார்த்த சன்னல் ஒன்று. நெத்திலிச் சட்டி ஒன்று. காகிதக் கட்டு ஒன்று. பீரோ உச்சி. பத்திர எழுத்தர் மடி ஒன்று; அதற்கு நான்கு மால், வடக்கே தொப்பை, தெற்கே முழங்கால், கிழக்கிலும் மேற்கிலும் நாற்காலிக் கை. முப்பத்தேழாக வகுத்தால் ஒவ்வொருவருக்கும் மடி முப்பத்தேழு நாளைக்கு ஒருமுறை.

“எனக்கு?” என்றது சர்வேயர்.

“உனக்கும் ஒரு பங்கு போட்டா முப்பத்தெட்டு நாளைக்கு ஒருக்க.”

அதற்குள் பதினோரு வாரிசுகள் நெத்திலிச் சட்டியில் அனுபவ பாத்தியம் கொண்டாட ஆரம்பித்திருந்தன. நாலு சன்னலில். இரண்டு காகிதக் கட்டின்மேல். மஞ்சள் குட்டி வேட்டியைப் பற்றிக்கொண்டு மடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சர்வேயர் மேசையிலிருந்து பீரோ உச்சிக்குத் தாவியது. அங்கே ஏற்கெனவே இருவர் இருந்தார்கள்.

“அம்மா,” என்றது சர்வேயர், மேலேயிருந்து. “இன்னும் எத்தனை பேரு வருவாங்க?”

சங்கரவடிவு இடுக்கியைக் கீழே வைத்தாள். ஆவுடையப்பன் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். கெட்டுப்போன பத்திரம் ஒன்றின் பின்பக்கத்தை எடுத்துச் சுவரில் ஒட்டினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முப்பது வருஷமாக விட்டுவைத்திருந்த பாடத்தை அன்றைக்கு எடுத்தாள். எடுத்த எடுப்பில் எடுத்தாள். ஒளிவு மறைவு இல்லை. முப்பத்தேழு பூனைகள் வரிசையாக உட்கார்ந்து கேட்டன. ஆவுடையப்பன்தான் இடையிடையே வாசல்பக்கம் பார்த்துக்கொண்டார்.

“இதுல பொட்டை இருபது,” என்று படம் போட்டுக் காட்டினாள். “ஒருத்திக்கு வருஷத்துக்கு ரெண்டு ஈத்து. ஈத்துக்கு நாலுன்னு வையி. பொறந்தது ஆறு மாசத்துல ஈனத் தயாராயிரும். உன்னைப்போல ஒரு கடுவன் தெருவுல நடமாடினாப் போதும். அடுத்த ஆவணிக்குள்ள இந்த வீட்டுல எத்தனை பேருன்னு நீயே கூட்டிக்கோ.”

“எனக்குக் கூட்டத் தெரியாதே.”

“மடி பத்தாது. அது தெரியும்ல?”

சர்வேயர் பீரோ உச்சியிலிருந்து தலையை நீட்டியது. பிறகு சொன்னது. “வே, பத்திரத்தை எடும். ஆனா ஒரு ஷரத்து சேக்கணும்.”

“சொல்லு.”

“மடி, சட்டி, கட்டு, உச்சி, நாலும் என் ஆயுள்வரைக்கும் எனக்கே. சன்னல் மட்டும் மூணு பேருக்கு எழுதிக் குடுத்திருதேன். அந்த வெள்ளைக் காலு, அந்தப் பாதி மூஞ்சி கறுப்பு, அப்புறம் அந்த மஞ்சள் வாயாடி. மத்தவங்க அவங்கவங்க வந்த இடத்துக்குப் போயிரணும். அவங்களுக்கும் நீரே ஆளுக்கொரு சம்மதப் பத்திரம் எழுதிரும்.”

“அந்த மூணு மட்டும் எதுக்கு?”

“என் இஷ்டம். எழுதும்.”

எழுதினார். முப்பத்தேழு பாதங்களும் ஆட்சேபனை இல்லை என்று பதிந்தன. பத்திரம் பார்ப்பதற்குத் திருவிழா முடிந்த மைதானம்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதிவானது. பதினோரு மணிக்கு ஜெபசெல்வி பத்து நிமிஷத்தில் வேலையை முடித்தாள். பன்னிரண்டுக்கு ஜீப் வந்தது. ஆவுடையப்பன் பதிவு எண்ணைக் காட்டினார். ஜீப்காரர் மோர் குடித்துவிட்டுப் போனார். மயக்கம் தெளிந்த சர்வேயர் சொன்ன முதல் வார்த்தை, “கதவைத் திறங்க.” திறந்தார்கள். அது வெளியே போகவில்லை.

ஒன்றரை மாதம் போயிற்று. வாசல்களில் எல்லைக்கல் நடுவது நின்றது. சர்வேயருக்கு லேசாகத் தொப்பை விழுந்தது. மூன்று கோணவால்கள் சன்னலில் வெயில் காய்ந்தன. ஒருநாள் பகல் ஆவுடையப்பன் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, சர்க்கரைச் சாக்கின்மேல் படுத்திருந்த கருப்பட்டி, உடம்பு தேறி மயிர் பளபளவென்று, ஒற்றைக் கண்ணைத் திறந்தது.

“பத்திரக்காரரே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கூட்டிட்டு வந்ததுல அவன் பிள்ளைங்க மூணோ நாலோதான். மத்ததெல்லாம் மீன் மார்க்கெட்டுக் கடுவனோடது.”

ஆவுடையப்பன் டீயை மேசையில் வைத்தார். “வாலு?”

“இந்த ஊருல பாதிப் பேருக்கு வாலு கோணல்தான். நீங்க வாரிசு கேட்டீங்க. கொடுத்தேன். அவன் வீட்டோட இருந்தா நாலு பொட்டை நிம்மதியாத் தூங்கும். தப்பா?”

ஆவுடையப்பன் டீயை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். ஏமாற்றி வாங்கிய சம்மதம் சம்மதமா? வயலாக இருந்தால் ரத்துப் பத்திரம் எழுதலாம். வயல் திரும்ப வரும். வீட்டுக்கு வந்து சங்கரவடிவிடம் சொன்னார்.

“ரத்து பண்ணிட்டு? ஒட்டவா போறீங்க?” என்றாள் அவள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “போய் அதுகிட்டயே சொல்லிருங்க,” என்றாள்.

சர்வேயர் பீரோ உச்சியில் இருந்தது. ஆவுடையப்பன் கீழே நின்று, தவறு செய்த மாணவன்போல், ஆதியிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். முப்பத்தேழு பேர் வாரிசு என்று தன் கையால் எழுதியது பொய் என்றார். தன் ஆயுளில் முதல் பொய்ப் பத்திரம் என்றார். அதுவும் உன்னிடம் என்றார்.

“தெரியும்,” என்றது சர்வேயர்.

“எப்பேருந்து?”

“வாசல்ல நுழையும்போதே. சர்வேயருக்கு அவன் எல்லை தெரியாதாவே? மூணு பேருகிட்டதான் என் வாடை இருந்துச்சு.”

ஆவுடையப்பன் சன்னலைப் பார்த்தார். வெள்ளைக் கால். பாதி மூஞ்சி கறுப்பு. மஞ்சள் வாயாடி.

“அப்புறம் ஏம்லே கைநாட்டு வச்ச?”

சர்வேயர் முன்னங்காலை ஒருமுறை நக்கிக்கொண்டது. “நான் மாட்டேன்னு சொன்ன மறுநாள் ஒரு கிரயப் பத்திரம் எழுதினீரு. விக்கிறவன் இடத்துல வாங்குறவன் பேரு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இந்த ஆளு நான் இல்லாம என்ன எழுதுவாருன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்லா.”

“எப்படிச் சொல்ல? பூர்வீகச் சொத்து, வாரிசு சம்மதம்னு முந்தின நாளுதான் அவ்வளவு சட்டம் பேசியிருக்கேன். மறுநாளே வந்து சரி, வெட்டிக்கோங்கன்னா என் மரியாதை என்னாகும்? நல்ல வேளை, நீரு முப்பத்தேழு பேரக் கொண்டுவந்து ஸ்டூலைப் போட்டீரு. நான் இறங்கிட்டேன். இதைப் போய் இப்ப பேசிக்கிட்டு.”

ஆவுடையப்பனுக்கு அந்தப் பத்திரத்தின் முதல் வரி ஞாபகத்துக்கு வந்தது. சுயபுத்தியுடனும் முழுமனதுடனும், பிறர் நிர்ப்பந்தம் ஏதுமின்றி. வாரிசு விவரத்தில் முப்பத்து நாலு பேர் பொய். முதல் வரி மெய். இத்தனை வருஷத்தில் எத்தனை பத்திரத்துக்கு அந்த வரி மெய்யாக இருந்தது என்று அவர் யோசித்துப் பார்த்தார்; விரலை மடக்கி எண்ணும் அளவுக்குத்தான் வந்தது.

“சரி, நீ எப்ப இறங்குவே?” என்று கேட்டார்.

“நான் மேலே வேலையா இருக்கேன்.”

அவர் ஸ்டூலை எடுத்து பீரோவை ஒட்டிப் போட்டார். எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, காலண்டரை மேலிருந்து கீழாக நிதானமாக வாசித்தார். சர்வேயருக்குத் தொப்பை விழுந்திருந்ததால் இந்தத் தடவை கொஞ்சம் நேரமானது. தொப். தொப்.

இத்தனை தடவை அதைப் பார்த்து நின்றும் அன்றைக்குத்தான் அவர் கவனித்தார், அது போன வருஷத்துக் காலண்டர்.